தாளம் போட்டவர்கள் – 11: கோடம்பாக்கம் போகும் வழி

சென்ற இதழை யோகி பி-யோடு நிறுத்தியிருந்தோம். மலேசியாவில் 'பொயட்டிக் அம்மோ' குழுவில் பாடிக்கொண்டிருந்த யோகேஸ்வரன் வீரசிங்கம், டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற 'நட்சத்ரா' இளைஞர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்த கதை அது. அதிலிருந்த 'மடை திறந்து' தமிழ்நாட்டுக் கல்லூரி மேடைகளை என்ன பாடுபடுத்தியது என்பதை வாசகர்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தப் பாட்டைப் பற்றி இன்னும் ஒரு சங்கதி பாக்கியிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மேலே போவோம்.

மூலப்பாட்டு 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்தில் இருக்கிறது. பாரதிராஜா இயக்கம், இளையராஜா இசை, வாலி எழுத்து, எஸ்.பி.பாலசுப்ரமணியம் குரல். படத்தில் அதைப் பாடுகிறவன் யார் என்று நினைவிருக்கிறதா? சினிமாவில் இசையமைப்பாளர் ஆகிவிட வேண்டும் என்று வாய்ப்புக்காக அலைந்துகொண்டிருக்கும் இளைஞன். பாட்டு முழுக்க அவன் காணும் கனவு. நடுவே இளையராஜாவே திரையில் வந்து போவார். இருபத்தாறு வருஷம் கழித்து, சினிமாவுக்கு வெளியே நின்று தமிழ் ராப் ஓங்கி அடித்த அடி, கோடம்பாக்கக் கனவைப் பற்றிய ஒரு பாட்டின் மேல்தான் விழுந்தது. தற்செயல்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் வெறும் தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

ஏனென்றால் தமிழில் பீட் போடுகிறவன் எந்தத் திசையில் புறப்பட்டாலும் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்.

அமெரிக்காவில் அப்படியில்லை. டாக்டர் டிரேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' ஆல்பத்துக்குப் பின்னால் இருந்தவர். 1992-ல் 'தி க்ரானிக்' என்ற சொந்த ஆல்பம். 1996-ல் 'ஆஃப்டர்மேத்' என்று சொந்த இசைக் கம்பெனி. எமினெம் அந்தக் கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்தான். பிறகு ஹெட்போன் வியாபாரம். அந்த 'பீட்ஸ்' நிறுவனத்தை 2014-ல் ஆப்பிள் 300 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இத்தனைக்கும் நடுவில் ஹாலிவுட் படம் ஒன்றுக்கு இசையமைத்தால்தான் ஊரில் மதிப்பு என்ற நிலைமை அவருக்கு வரவேயில்லை. அங்கே பாட்டுக்கென்று தனிச் சந்தை உண்டு. நம் ஊரில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. அதை விட்டால் ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டு, கார்த்திகைக்கு ஐயப்பன் பாட்டு. கொஞ்ச காலம் நாட்டுப்புறக் கேசட் ஓடியது. அவ்வளவுதான் கடைத்தெரு.

இந்தக் கடைத்தெருவின் குணத்துக்கு யோகி பி-க்கு முன்பே ஒரு சாட்சி உண்டு. 1994-ல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'பைத் தேனி குஞ்சரம்மாள், ஷாகுல் ஹமீதுடன் சேர்ந்து பாடியவர் சுரேஷ் பீட்டர்ஸ். ஏ.ஆர்.ரஹ்மானின் வட்டத்தில் இருந்தவர். அடுத்த வருஷமே 'கூலி' படத்துக்கு இசையமைப்பாளர் ஆனார். தமிழ் அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவில்லை. மலையாளத்தில் 'பஞ்சாபி ஹவுஸ்', 'தெங்காசிப்பட்டணம்' என்று பெரிய வெற்றிகளைக் கொடுத்தார். அங்கே பேர் வாங்கித் தந்தது ராப் இல்லை, படப்பாட்டு. அவர் நடந்த தடத்தில் பின்னால் வந்தவர்கள் அகலமாக ரோடு போட்டார்கள். போட்டவர்களில் முக்கியமானவர்கள் கோவையிலிருந்து கிளம்பிய ஹிப்ஹாப் தமிழா.

ஆதி 1990-ல் கோவையில் பிறந்தவர். கூட்டாளி ஜீவா. 'ஹிப்ஹாப் தமிழா' என்பது ஒரு ஆளின் பட்டப்பெயர் என்று இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது இருவரின் பெயர். திரையில் ஆதியின் முகம், போஸ்டரில் ஆதியின் முகம். ஜீவாவைத் தெருவில் பார்த்தால் அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. பீட் போடுகிறவன் பின்னால் நிற்பதும் பாடுகிறவன் முன்னால் நிற்பதும் இந்தக் கலையின் பழைய வழக்கம் என்பதால் ஜீவாவின் இடத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

2011-ல் இவர்களுடைய 'கிளப்புல மப்புல' எஃப்.எம். வழியாகவும் யூடியூப் வழியாகவும் பரவியது. குடிக்கிற பெண்களைக் கண்டிக்கிற பாட்டு. குடிக்கிற ஆண்களுக்கென்று சினிமாவில் வாராவாரம் ஒரு பாட்டு வந்துகொண்டிருந்த காலத்தில் இவர்கள் பெண்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள் என்பது அன்றே எழுந்த விமர்சனம். அதில் நியாயம் உண்டு என்பதே என் கட்சி. ஆனால் பாட்டு பரவிய விதம் வேறு கதை. அதைப் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் சரியாகப் புரியும்.

அந்த வருஷங்களில் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த செல்போன் கடைகளில், ரீசார்ஜ் கார்டு தோரணத்துக்குக் கீழே, 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று ஒரு அட்டை தொங்கும். நோக்கியாவோ சைனா செட்டோ, பின்பக்கத்தைக் கழற்றி நகக்கண் அளவு கார்டை எடுத்துக் கொடுத்தால் கடைக்காரப் பையன் கம்ப்யூட்டரில் சொருகி, 'என்ன பாட்டுண்ணே?' என்பான். அவனிடம் ஃபோல்டர்கள் இருக்கும்: ராஜா ஹிட்ஸ், ரஹ்மான், குத்து, சோகம், அம்மன், ரீமிக்ஸ். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கிற அண்ணனுக்கு அனுப்ப என்றால் நாட்டுப்புறப் பாட்டு தனியாக ஒன்று. யோகி பி அதில் 'ரீமிக்ஸ்' ஃபோல்டரில் இருந்தார். ஹிப்ஹாப் தமிழாவை எந்த ஃபோல்டரில் போடுவது என்று தெரியாமல் 'ஆல்பம் சாங்' என்று புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். படம் இல்லாத பாட்டுக்கு இந்தப் பக்கம் இன்றுவரை அதுதான் பேர்.

பெரம்பலூருக்கு ரயில் இல்லை. அரியலூருக்கு ரயில் உண்டு, பாட்டுக் கடை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றி சிமெண்ட் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் நடுவே நாளெல்லாம் ஓடுகிற டிப்பர் லாரிகளில் பென்டிரைவ் வழியாக இந்தப் பாட்டுகள் ஏறின. ஒரு பைசா ஆதிக்கும் ஜீவாவுக்கும் போயிருக்காது. இருபது ரூபாயோ முப்பது ரூபாயோ கடைக்காரருக்குப் போனது. பேர் மட்டும் இவர்களுக்கு வந்தது.

இன்னொன்றும் நடந்தது. ஹிப்ஹாப் பீட்டின் உயிர் அதன் அடித்தளச் சத்தத்தில் இருக்கிறது. ரோலண்ட் கம்பெனி 1980-ல் கொண்டுவந்த டி.ஆர்.-808 என்ற தாள எந்திரம் விலைபோகாமல், சுமார் 12,000 எண்ணிக்கையோடு 1983-ல் நின்றுபோனது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததால்தான் கையில் காசில்லாத அமெரிக்கப் பையன்கள் அதை வாங்கினார்கள். அதன் 'தும்ம்' என்று இழுக்கிற ஆழ்ந்த அடிதான் இன்றைக்கும் ராப்புக்குக் கீழே ஓடுகிறது. ஐம்பது ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தம் அது. செல்போன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. ஆகவே எங்கள் ஊர்ப் பையன்கள் பல மாதம் இந்தப் பாட்டுகளைப் பாதி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதி காதில் விழுந்தது யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்தில், ரேடியோ செட்காரர் பெரிய பாக்ஸ் இறக்கியபோது. சாமியானாக் கம்பி அதிர்ந்தது. பெரிசுகள் எழுந்துபோய் வயரைப் பிடுங்கச் சொன்னார்கள். இன்றைக்கு பீட் போடுகிறவர்கள் எல்லோரும் பாட்டை முடித்ததும் செல்போனில் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறார்கள். 808-க்கு மேல் கொஞ்சம் கரகரப்பைச் சேர்த்தால் சின்ன ஸ்பீக்கரிலும் அடி இருப்பதாகக் காது நம்பிவிடும் என்ற வித்தை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இந்த வித்தைகளுக்கெல்லாம் களம் எஃப்.எல். ஸ்டுடியோ என்ற மென்பொருள். பெல்ஜியத்து இமேஜ்-லைன் கம்பெனி 1997-ல் 'ஃப்ரூட்டிலூப்ஸ்' என்ற பேரில் ஆரம்பித்தது. திறந்தால் ஒரு வரிசையில் பதினாறு கட்டம். முதல் கட்டத்திலும் ஒன்பதாவதிலும் கிக். ஐந்திலும் பதிமூன்றிலும் ஸ்னேர். ஒற்றைப்படைக் கட்டங்களிலெல்லாம் ஹைஹாட். இவ்வளவு போட்டால் நியூயார்க் தெருவில் ஓடுகிற ஒரு பீட் தயார். படிப்புத் தேவையில்லை, வாத்தியம் தேவையில்லை. கள்ள சி.டி.யில் மென்பொருளும் கிடைத்தது.

ஆனால் அந்தப் பதினாறு கட்டத்துக்குள் எங்கள் ஊர் தப்பு உட்காராது. அது நான்கு நான்காக எண்ணுகிற கட்டம். தப்பும் உருமியும் சாவுக்கும் சாமிக்கும் அடிக்கிற குத்து பெரும்பாலும் மூன்று மூன்றாகத் திஸ்ரத்தில் உருளும். இரண்டையும் ஒட்ட வைப்பதுதான் தமிழ் பீட்காரர்களின் நிஜமான தொழில் சிக்கல். ஹிப்ஹாப் தமிழாவின் 2012 ஆல்பம் 'ஹிப் ஹாப் தமிழன்' இந்தச் சிக்கலைத் தொடவேயில்லை என்பேன். பீட் அமெரிக்க அச்சு, பேச்சு மட்டும் தமிழ். தமிழைத் தாய்மொழி என்றும் பெருமை என்றும் அது திரும்பத் திரும்பச் சொன்னது. தாளத்தில் அந்தத் தமிழ் இல்லை. 'இறைவா' மாதிரி ஒன்றிரண்டு பாட்டுகளில் மெட்டு நின்றது. தாளத்தில் தமிழ் வந்தது சினிமாவுக்குப் போன பிறகு. இந்த இடத்தில் கோடம்பாக்கத்துக்கு ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். அங்கே குத்துப்பாட்டு இல்லாமல் படம் விற்காது.

போன வேகத்தைப் பாருங்கள். 2013-ல் அனிருத் இசையமைத்த 'எதிர்நீச்சல்' தலைப்புப் பாட்டில் ஆதியின் ராப். அதே வருஷம் 'வணக்கம் சென்னை'. 2014-ல் 'கத்தி'யில் 'பக்கம் வந்து'. 2015 பொங்கலுக்கு சுந்தர்.சி-யின் 'ஆம்பள', இசை ஹிப்ஹாப் தமிழா. முதல் ஆல்பத்துக்கும் முதல் படத்துக்கும் நடுவே முழுதாக மூன்று வருஷம்கூட இல்லை. அந்த முதல் படத்திலேயே 1959-ன் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பாட்டான 'இன்பம் பொங்கும் வெண்ணிலா'வுக்குப் புது பீட் போட்டார்கள். யோகி பி இளையராஜாவைத் தொட்டார் என்றால் இவர்கள் ஜி.ராமநாதன்வரை போனார்கள்.

அதே வருஷம் 'இன்று நேற்று நாளை'யும் 'தனி ஒருவன்'னும் வந்தன. 'தனி ஒருவன்' ஹிப்ஹாப் காது சினிமாவுக்கு நிஜமாகவே உதவிய படம். 'தீமை தான் வெல்லும்' என்ற பாட்டில் அரவிந்த் சுவாமியின் பேச்சுக் குரலையே ஒரு வாத்தியம் மாதிரி வைத்து, அதைச் சுற்றி ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். வில்லன் வந்து நிற்பதற்கு முன்பே தியேட்டருக்கு அவன் வருகை தெரிந்துவிடும். பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு வளர்ந்த இசையமைப்பாளருக்கு இத்தனை சிக்கனம் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான். நாலு அடி லூப்பை நம்பி உட்காரப் பழகியவனுக்குத் தோன்றும்.

அதற்கப்புறம் நடந்ததை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 2016 டிசம்பரில் 'டக்கரு டக்கரு'. அடுத்த மாதமே மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். இந்தப் பக்கத்து ஊர்களிலும் வாடிவாசல் உண்டு என்பதால் அந்தப் பாட்டு ரேடியோ செட்டை விட்டு இறங்காமல் ஓடியது. போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில், 2017 ஜனவரி 22 அன்று, தான் விலகிக்கொள்வதாக ஆதி வீடியோ போட்டபோது அதே பையன்கள் திட்டினார்கள். ஆறு மாதம் கழித்து அவரே எழுதி, இயக்கி, நடித்த 'மீசைய முறுக்கு' வந்தபோது அதே பையன்கள் போய்க் கை தட்டினார்கள். பொறியியல் கல்லூரி மாணவன் ஒருவன் பாட்டுக்காகச் சென்னைக்குப் போகிற கதை. அப்பாவாக விவேக். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கல்லூரிக் கட்டடங்கள் நிற்கிற பெரம்பலூரில் அந்தப் படம் பிடித்துப்போனதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கவனித்துப் பார்த்தால் அது 'நிழல்கள்' இளைஞனின் அதே கனவு. இந்தத் தடவை பலித்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு வரிசையாக நடிப்பு: 'நட்பே துணை', 'நான் சிரித்தால்', 'சிவகுமாரின் சபதம்', 'அன்பறிவு', 'வீரன்', 'பி.டி. சார்'. நடுவில் தமிழ் எழுத்தின் வரலாற்றைப் பற்றி 'தமிழி' என்ற ஆவணத் தொடர். இசைத் தொழில்முனைவு பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டமும் வாங்கினார். 2024-ல் 'கடைசி உலகப் போர்' படத்தை அவரே எழுதி, இயக்கி, நடித்து, தயாரிக்கவும் செய்தார். டிரே மாதிரி இவரும் முதலாளி ஆனார். அவர் தொடங்கியது ஹெட்போன் கம்பெனி, இவர் தொடங்கியது படக் கம்பெனி.

இதில் ஆதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்குதான் பேசுகிறது. படப்பாட்டு என்றால் தயாரிப்பாளர் சம்பளம் கொடுத்துவிடுவார், பாட்டுரிமையை ஆடியோ கம்பெனி முன்கூட்டியே வாங்கிவிடும். விளம்பரம் படத்தின் செலவு. படம் இல்லாத பாட்டுக்கு இதெல்லாம் போட்டவன் தலையில். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது என்று வைத்தார்கள். நல்ல திருத்தம்தான். பாட்டே மெமரி கார்டில் ஓடிக்கொண்டிருந்தபோது யாரிடம் போய் ராயல்டி கேட்பது? 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு கார்டுக் கடைகள் காணாமல் போயின. கேட்பது முழுக்க யூடியூபுக்கு மாறியது. அப்போதாவது கணக்கு மாறும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

மாறிய மாதிரி ஒரு தோற்றம் வந்தது. 2018 ஜனவரியில் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடை ஏற்றினார்கள். கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில். முன்னே சொன்னேனே, கட்டத்துக்குள் உட்காராத தாளம், அது அங்கே கட்டத்தை உடைத்துக்கொண்டு வந்தது. அரக்கோணத்து அறிவு அந்தக் குழுவில் கிளம்பியவர். 2019-ல் அவரும் ஆஃப்ரோ என்கிற ரோஹித் ஆபிரகாமும் கொண்டுவந்த 'தெருக்குறள்' ஆல்பத்தைத் தமிழ் ஹிப்ஹாப்பின் முக்கியமான ஆல்பம் என்று சொல்லத் தயங்க மாட்டேன். அதன் பீட்களுக்காகவே இரண்டாம் தடவை கேட்கலாம். அறிவின் பேர் ஊருக்கெல்லாம் தெரியும். ஆஃப்ரோவைக் கேட்டால் யார் என்பார்கள்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் இசை, அறிவும் தீயும் குரல், 'மாஜா' என்ற தளத்தின் வெளியீடு. சினிமா இல்லாத ஒரு தமிழ்ப் பாட்டு அந்த உயரத்தைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை. மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டின் மூலம் தனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோவில் வந்து சொன்னார். மாஜா தரப்பு அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்பதைக் கணக்குப் புத்தகம் பார்த்தவர்கள் சொல்லட்டும். அந்தச் செய்தி வந்த நாளில் லேப்டாப்பில் பீட் போட்டுக்கொண்டிருந்த பையன்களுக்கு என்ன புரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதே 2024-ல் 'கட்சி சேர', 'ஆச கூட' என்று இரண்டு ஆல்பம் பாட்டுகளால் ஊரையே ஆட வைத்தார் சாய் அபயங்கர். ராப்காரர் இல்லை, ஆனால் வந்த வழி அதுவே. அடுத்த வருஷம் அவர் 'டியூட்' படத்தின் இசையமைப்பாளர். ஹிப்ஹாப் தமிழாவுக்கு இரண்டரை வருஷம் பிடித்த தூரத்தை இவர் இன்னும் சீக்கிரம் கடந்துவிட்டார்.

கோடம்பாக்கம் வரை போகாதவர்கள் என்ன செய்கிறார்கள்? அரியலூரில் ஒரு பையனைத் தெரியும். மாடி அறைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறான், எதிரொலி அடங்குமாம். குரல் பதியும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும், சித்திரையில் அது பெரிய தவம். அவனுக்குக் காசு வருவது ராப் ஆல்பத்திலிருந்து இல்லை. கபடிப் போட்டிக்கு அணி இறங்கும்போது போடுகிற பாட்டு, கட்சிப் பிரமுகர் பிறந்தநாளுக்குப் பேரைச் சொல்லிப் பாடுகிற பாட்டு, கல்யாண அழைப்பு வீடியோவுக்கு முப்பது நொடி. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் போடுவான், பீட் ஒன்றுதான், பேர் மட்டும் மாறும். 'கட்சிக்காரங்களுக்குத் தெரிஞ்சா?' என்றேன். 'பாட்டுல அவங்க பேரு வர்ற இடத்தை மட்டுந்தாண்ணே கேப்பாங்க' என்றான். டிரேயும் ஆதியும் தொட்டுப் பார்க்காத ஒரு மூன்றாவது சந்தை இது. சினிமாவும் இல்லை, ஆல்பமும் இல்லை. ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற அதே கைகள் இதற்கும் காசு கொடுக்கின்றன.

அவன் போட்டதில் ஒன்று மட்டும் எனக்குப் பிடித்தது. ஒரு கோயில் ஊர்வலத்தில் அடித்த உருமியைச் செல்போனில் பதிந்துவந்து, வேகத்தைக் குறைத்து, அடியில் 808 வைத்திருந்தான். 'இதை யாராச்சும் ஏற்கெனவே செஞ்சிருக்காங்களாண்ணே?' என்று கேட்டான். செய்திருக்கிறார்கள். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சின்ன வயதைக் கழித்து, போருக்குத் தப்பி மறுபடி லண்டன் போய்ச் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம் சென்னைக்கு வந்து உருமிக்காரர்களைப் பதிவு செய்துகொண்டு போனார். அந்தச் சத்தம் இருக்கிற 'கலா' ஆல்பம் 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆவதற்கு மூன்று மாதம் முன்பு. எம்.ஐ.ஏ. என்றால் உலகத்துக்குத் தெரியும். அவருடைய கதை அடுத்த இதழில்.

(தொடரும்)